பூச்சி பொறுக்குகிறவள்

இரண்டு விரலும் பெருவிரலும் தார் வீதியில் இறங்கி, செட்டையைத் தொடாமல் உடம்பைப் பிடித்து, தோளுக்கு மேலால் பின்னால் எறிகின்றன. எறிந்தது கூடைக்குள் விழுந்ததா என்று அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. இடது கை எடுக்கும்போது வலது கை எறிகிறது. வலது கை எடுக்கும்போது இடது கை எறிகிறது. கூடை முதுகில் தொங்குகிறது. கூடைக் கயிறு நெற்றியில், நாலாக மடித்த சாக்குத் துண்டின்மேல் பதிந்திருக்கிறது. கொழுந்து பறிக்கிற கூடை. ராக்காயி அதில் போடுவது செத்த வண்ணாத்திப்பூச்சிகளை.

யாழ்ப்பாணப் பக்கமிருந்து மினி வான் ஒன்று ஹோண் அடித்தபடி வருகிறது. அவள் நிமிராமல் இரண்டு எட்டு ஓரமாகி, அது போனதும் அதே இரண்டு எட்டுத் திரும்பி வருகிறாள். வான் போன இடத்தில் புதிதாக ஐந்தாறு கிடக்கின்றன. அவற்றையும் எடுக்கிறாள்.

ராக்காயி எழுபத்தேழில் வன்னிக்கு வந்தவள். அதற்குமுன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் கொழுந்து பறித்தாள். அந்த வருடக் கலவரத்தில் லயக் குடியிருப்புக்குள் புகுந்தவர்கள் அடித்ததில் வலது மணிக்கட்டு உடைந்தது. வவுனியாவுக்கு வந்து ஒரு வைத்தியரிடம் காட்டுவதற்குள் எலும்பு கோணலாகப் பொருந்திவிட்டது. விரல்கள் வேலை செய்யும், கனம் தாங்காது. தண்ணீர் வாளியை இடது கையால்தான் தூக்குவாள். புல்லையும் இடது கையால்தான் வெட்டுவாள்.

புளியங்குளம் சந்திக்கு வடக்கே இரண்டு மைல் கட்டைகளுக்கு நடுவே உள்ள வீதித் துண்டு அவளுடைய பொறுப்பு. ஓரப் புல்லை வெட்ட வேண்டும். மதகில் அடைக்கிற சருகை இழுத்துவிட வேண்டும். வாகனத்தில் அடிபட்டுக் கிடப்பதைப் புதைக்க வேண்டும். அவளோடு வேலைக்குச் சேர்ந்த மற்றப் பெண்கள் எல்லாரும் கனகராயன்குளத்துக்கு அப்பால் கல்லுடைக்கிறார்கள். அந்த மணிக்கட்டைப் பார்த்து, இந்தத் துண்டை அவளுக்குக் கொடுத்தவர் வீதி வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் செல்வநாயகம்.

மாசி முடிகிற சமயம் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூச்சிகள் காட்டிலிருந்து புறப்படுகின்றன. வெயில் ஏற ஏறக் கூட்டம் கூடும். நெஞ்சளவு உயரத்தில், எல்லாம் ஒரே பக்கமாக, தென்கிழக்கே வீதியைக் குறுக்கறுத்துப் போகும். மலைநாட்டிலுள்ள சிவனடிபாத மலைக்குப் போகின்றன என்பது ஊரில் உள்ள கதை. ராக்காயியும் அதைத்தான் சொல்வாள்.

"நம்ம பக்கந்தாங்க போகுது."

பஸ்ஸுக்கு வழி சொல்கிறவளைப்போலச் சொல்வாள். அதற்குமேல் அதைப்பற்றிப் பேச்சில்லை.

நெஞ்சளவு உயரம் என்பது மினி வானின் முகத்தின் உயரம். அவள் வந்த புதிதில் ஒரு பஸ் போனால் அடுத்தது வருவதற்குள் ஒரு வாய் வெற்றிலை போட்டுத் துப்பி முடிக்கலாம். இப்போது யப்பான் வான்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுகின்றன. ஒவ்வொன்று போனபிறகும் தாரில் பூச்சி கிடக்கும். பூச்சிக்குக் கரிச்சான் வரும், மைனா வரும், பனங்காடை வரும். அடுத்த வான் குருவியை அடிக்கும். குருவிக்குக் காகமும் கீரியும் வரும். கீரி அடிபட்டால் நரி வரும். நரியை அவள் நாலு தடவை புதைத்திருக்கிறாள். நரிக்குக் குழி ஆழமாக வேண்டும். இடது கைக்கு அது ஒரு மணித்தியால வேலை.

"பூச்சிய எடுத்துட்டா மிச்சக் குழி எல்லாம் வெட்டத் தேவையில்லங்க" என்பாள். காரணம் கேட்கிறவர்களுக்கு அவள் கொடுக்கிற பதில் இதுதான். வேறு காரணம் உண்டா என்று கேட்டால் வெற்றிலையை மற்றக் கொடுப்புக்கு மாற்றிக்கொள்வாள்.

கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் வான் ஓட்டுகிற யோகலிங்கம் கிழமைக்கு இரண்டு தடவையாவது மதகடியில் நிறுத்த வேண்டி வரும். றேடியேற்றர் முழுவதும் செட்டையால் அடைத்து, முன்பக்கத்தால் ஆவி கிளம்பும்.

"ஆச்சி, இண்டைக்குக் கொழுந்து என்ன மாதிரி?"

"நல்ல கொழுந்தெல்லாம் ஒங்க வண்டி மூஞ்சியிலதான் இருக்கு தம்பி. எறக்கிட்டுப் போங்க."

"எனக்கு வண்டி கொதிக்குது. உனக்குப் பகிடி என்னணை?"

அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, கொண்டையில் செருகியிருக்கிற ஈர்க்கை எடுத்துக்கொண்டு றேடியேற்றருக்கு முன்னால் குந்துவாள். இடுக்கு இடுக்காக விட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுப்பாள். உடைந்த செட்டையை ஊதிவிடுவாள். உடம்பு கூடைக்குப் போகும்.

"தம்பி, உங்கை செத்தவீடு முடிஞ்சுதெண்டால் வானை எடுங்கோ" என்று உள்ளேயிருந்து ஒருவர் கத்துவார். "எனக்குக் கச்சேரியிலை காணி அலுவல் கிடக்கு."

"செத்தது எங்கடை வண்டியிலை. நாங்கள்தானே எடுக்கோணும்" என்பான் யோகலிங்கம்.

"கொஞ்சம் மெதுவாத்தான் போனா என்ன தம்பி?"

"மெதுவாப் போனா பின்னாலை வாறவன் முந்திப்போய்ச் சனத்தை ஏத்திப்போடுவான். பூச்சியே எனக்கு ரிக்கற் எடுக்கப் போகுது?"

"டிக்கெட்டு எடுக்காட்டியும் தெனம் ஒங்க வண்டியிலதான் ஏறுது" என்று சொல்லிக்கொண்டே அவள் ஈர்க்கைச் சேலையில் துடைத்துக் கொண்டையில் செருகுவாள்.

மதகுக்கு மேற்கே, காட்டின் கரையில், வட்டு விழுந்துபோன ஒரு பட்டப்பனை நிற்கிறது. அதன் பொந்தில் ஒரு பனங்காடைச் சோடி குடியிருந்தது. இந்த வருடம் முதலில் ராக்காயி பொறுக்கிய பூச்சியை மதகின் ஓரக் கட்டின்மேல் கொட்டிவந்தாள். தாரில் இறங்காமல் கட்டின்மேல் இருந்தே தின்னட்டும் என்பது அவளுடைய எண்ணம். பறவைகள் அவளுடைய நேரத்தைப் படித்துக்கொண்டன. அவள் கூடையோடு வருவதைக் கண்டதுமே கட்டுக்கு வந்துவிடும். ஒரு காலையில் வீதிக்கு அந்தப் பக்கம் தந்திக் கம்பியில் இருந்த ஒன்று அவளைக் கண்டு இந்தப் பக்கம் பாய்ந்தது. நடுவே வான் வந்தது. இருக்கும்போது மண்ணிறமாகத் தெரிகிற பறவை அது. தாரில் செட்டை விரிந்து கிடந்தபோது முழுக்க நீலம்.

"நான் வரச் சொன்னேன், அது வந்துச்சு" என்று ஓவசியரிடம் சொன்னாள்.  

அன்றைக்குப் பிறகு அவள் மதகில் கொட்டுவதில்லை. கூடை கால்வாசி நிறைந்ததும் காட்டுக்குள் நூற்றைம்பது எட்டு நடந்து, பனையடியில் இருக்கிற கறையான் புற்றின்மேல் கொட்டிவிட்டு வருவாள். போய்வர ஐந்து நிமிடம். காலையில் ஏழெட்டுத் தடவை போகவேண்டி வரும். மிஞ்சிய பனங்காடை ஒற்றையாக இரண்டு குஞ்சுக்கு இரை தேடியது. புற்றில் இருந்தால் புற்றில் எடுக்கும். புற்றில் முடிந்தால் நேரே தாருக்கு வரும். கையைத் தட்டித் துரத்திப் பார்த்தாள். பத்து முழம் தள்ளிப்போய் இறங்கியது.

இப்படியாக, புல் வளர்ந்தது.

செவ்வாய்க்கிழமை ஓவசியர் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, காலை ஊன்றியபடியே கூப்பிட்டார்.

"ராக்காயி, வியாழக்கிழமை பெரிய எஞ்சினியர் வாறார். பதினொரு மணிக்கு இதாலை போவார். கட்டையிலை இருந்து கட்டை மட்டும் ஓரம் வெட்டிக் கிடக்கோணும்."

"வெட்டுறேங்கய்யா."

"வெட்டுறன் எண்டு போன கிழமையும் சொன்னாய். புல்லு வெட்டச் சொன்னால் பூச்சி பொறுக்கிறாய். உன்னை வைச்சிருக்கிறதுக்கு நான் ஒவ்வொரு மாசமும் ஆருக்கெல்லாம் கதை சொல்லுறன் தெரியுமே?"

"தெரியுங்கய்யா."

"வெட்டாட்டி என்னாலை ஒண்டும் செய்யேலாது. கல்லுக்குத்தான் போகோணும். அந்தக் கையோடை சுத்தியல் பிடிப்பியே?"

அவள் வலது கையைச் சேலை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பிடிக்க ஏலாதுங்கய்யா."

"அப்ப வெட்டு."

அவர் போகும்போது சட்டைப் பையில் ஒட்டியிருந்த மஞ்சள் பூச்சி ஒன்றைத் தட்டிவிட்டார். அது விழுந்த இடத்தை ராக்காயி பார்த்து வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை விடிய ஐந்து மணிக்கே வந்து வெட்டினாள். வெயில் ஏறி, பூச்சி வரத் தொடங்கியதும் கத்தியை வைத்துவிட்டுப் பொறுக்கினாள். பின்னேரம் பூச்சி ஓய்ந்தபிறகு மறுபடி வெட்டினாள். இருட்டியபோது கீழைக் கரை முடிந்திருந்தது. மேலைக் கரையில் பாதி மிச்சம்.

வியாழக்கிழமை எட்டரை வரைக்கும் கணக்குச் சரியாக வந்தது. மிஞ்சிய துண்டைப் பத்தரைக்குள் முடித்துவிடலாம். அவள் வீதியைப் பார்க்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு வெட்டினாள். பின்னால் வான்கள் போயின. எதுவோ தட்டுப்படுகிற சின்னச் சத்தம், மழை தொடங்கும்போது தகரத்தில் விழுகிற முதல் துளிகளைப்போல, ஒவ்வொரு வானோடும் கேட்டது. ஒன்பது மணிக்கு ஒரு ஹோண் நீளமாக அடித்தது. திரும்பிப் பார்த்தாள். பனங்காடை தாரின் நடுவில் நின்றது. வாயில் ஒரு வெள்ளைப் பூச்சி. இன்னொன்றையும் சேர்த்துக் கவ்வப் பார்த்து, முதலாவதைக் கீழே விட்டு, மறுபடி எடுத்தது. வான் கிட்ட வந்தபிறகுதான் எழும்பியது. வானின் கூரைக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இருக்கவில்லை.

அவள் கத்தியை வெட்டிய புல்லின்மேல் வைத்தாள். கூடையின் கயிற்றை எடுத்து நெற்றியில் போட்டுக்கொண்டாள். அன்று வந்ததுபோல் இந்த வருடம் எந்த நாளும் பூச்சி வரவில்லை. பதினொரு மணிக்குள் ஒன்பது தடவை புற்றுக்குப் போய்வந்தாள்.

ஜீப் பதினொன்றே காலுக்கு வந்தது. நிற்கவில்லை. கண்ணாடியில் அப்பியிருந்ததை வைப்பர் இரண்டு பக்கமும் இழுத்து மஞ்சளாகப் பூசிக்கொண்டிருந்தது.

பின்னேரம் ஓவசியர் வந்தார். இந்தமுறை மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கினார்.

"மனுசன் இறங்கவுமில்லை. போற போக்கிலை ஒரு கேள்விதான் கேட்டார். 'பாதிச் சவரத்தோடை ஆர் இந்த றோட்டை விட்டது?' எண்டு." வெட்டாத புல்லின் பக்கம் கையைக் காட்டினார். "எத்தினை எட்டு மிச்சம்?"

"நூத்திப் பத்துங்கய்யா."

"நூத்திப்பத்து எட்டு. ரண்டு மணித்தியாலம் உதுகளை விட்டிருந்தால் என்ன, ராக்காயி?"

"குஞ்சு இன்னும் பறக்கலீங்க. இன்னும் அஞ்சாறு நாள் ஆகும்."

செல்வநாயகம் தொப்பியைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, மறுபடி போட்டார்.

"நாளைக்கு ஏழு மணிக்குச் சந்தியிலை லொறி வரும். ஏறு. கத்தியையும் மண்வெட்டியையும் இஞ்சை தந்திட்டுப் போ."

"கூடை ஏங்கூடைங்க."

"கூடை ஆருக்கு வேணும்!"

மறுநாள் வெள்ளிக்கிழமை. லொறி ஏழேகாலுக்குச் சந்திக்கு வந்தது. பின்னால் பதினொரு பெண்கள் இருந்தார்கள். அவளோடு வேலைக்குச் சேர்ந்த வீரம்மா கை கொடுத்து அவளை ஏற்றிவிட்டாள். சுத்தியல்கள் ஒரு சாக்கில் கிடந்தன. அவளுக்கென்று ஒன்றை வீரம்மா தெரிந்தெடுத்து வைத்திருந்தாள், இருந்ததில் சிறியது. ராக்காயி அதை இடது கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கூடைக்குள் போட்டாள். லொறி வடக்கே புறப்பட்டது. கட்டை வந்தது. வெட்டிய ஓரம் வந்தது. மதகு தெரிந்ததும் அவள் எழுந்து நின்று, லொறியின் தகரத்தில் இடது கையால் இரண்டு தரம் ஓங்கித் தட்டினாள். இறங்குகிறவர்கள் தட்டுகிற தட்டு அது. சாரதி வேகத்தைக் குறைத்தான். முன்னால் தாரிலிருந்து பனங்காடை எழும்பி, நீலமாக விரிந்து, பனைப்பக்கம் போனது.

"ஆர் இறங்கிறது?" சாரதி தலையை வெளியே நீட்டினான்.

"யாருமில்லீங்க" என்றாள். "போங்க."