தாவூது பார்த்த பச்சைக் கார்

மட்டாஞ்சேரி பஜாரில் தாவூதின் வாயிலிருந்து 'நல்லது' என்ற சொல் வந்து கேட்டவர் யாரும் கிடையாது. அவர் பிழைப்பு அப்படி. மிளகு வாங்குகிறவர்களுக்காகக் கிடங்கு கிடங்காகப் போய்ச் சரக்குப் பார்ப்பவர். குத்தூசியைச் சாக்கின் அடிவயிற்றில் செருகி, வந்து விழும் மிளகை உள்ளங்கையில் பரப்பி, முகத்தைச் சுவர்போல வைத்துக்கொண்டு, "ஈரம் இருக்கு. காம்பு இருக்கு. பொக்கும் இருக்கு" என்பார். முதல் தரமான சரக்குக்கும் இதே பாட்டுதான். விற்கிறவர்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. அவர் குறை சொல்லச் சொல்ல அவர்களுக்குச் சாயா இனிக்கும். குறை சொன்னால் சரக்கு வேண்டும் என்று அர்த்தம். ஒன்றும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தால்தான் அவர்களுக்குக் கவலை.

இந்தப் பாஷை பஜாரைத் தாண்டினால் செல்லாது என்பது மனிதருக்கு முப்பது வயதிலேயே உறைத்திருக்க வேண்டும். பாத்திரக் கடை நூர் முகம்மதின் மகள் ஜுமைலாவைப் பெண் கேட்டுப் போனபோது, திரைச்சீலை விலகிய ஒரு நொடியில் அவளைப் பார்த்துவிட்டார். இவள்தான் என்று மனசு முடிவு கட்டிவிட்டது. நூர் முகம்மது, "எல்லாம் பிடிச்சுதா தம்பி?" என்று கேட்டார். தாவூது முகத்தைச் சுவராக்கிக்கொண்டு, "கொழப்பமில்ல" என்றார். அந்த ஊரில் அதற்குப் 'பரவாயில்லை' என்று அர்த்தம். திரைக்குப் பின்னால் அது கேட்டுவிட்டது. மூன்றாம் நாள் பதில் வந்தது: கொழப்பமில்லாத பெண்ணை வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஜுமைலாவே சொன்னாளாம். அவள் பாலக்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். தாவூது அதற்கப்புறம் யார் வீட்டுக்கும் போகவில்லை. உம்மாவும் மௌத்தான பிறகு கிடங்கின் மேல்மாடி அறையில் ஒரு தட்டு, ஒரு தம்ளர் என்று காலம் ஓடியது.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. யுத்த காலத்தில் அவர் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். பெங்களூரில் ஒரு துரை, பழுது பார்த்த தன் இரண்டு இருக்கை எம்.ஜி. பந்தயக் காரைப் பணிமனையிலிருந்து முகாமுக்குக் கொண்டுவரச் சொன்னார். பதினோரு மைல். தாவூதின் ஆயுசில் சந்தோஷம் என்று எடுத்துச் சொல்ல முழுசாக இருந்தது அந்தப் பதினோரு மைல்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் ரயிலேறி மதராசுக்குப் போய், சோழவரத்துப் பழைய விமானத் திடலில் நடந்த கார்ப் பந்தயத்தை வேலியோரம் நின்று பார்த்தார். ஆபீசுக்குப் போய்வரும் காரிலேயே பந்தய நம்பர் ஒட்டிக்கொண்டு சிலர் ஓட்டினார்கள். தன் வயதுள்ள, கண்ணாடி போட்ட ஒருவர் கடைசியாக வந்து சேர்ந்து, இறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்கினார். அந்தச் சிரிப்பு தாவூதைப் பிடித்துக்கொண்டது. பழைய பந்தயக் கார் ஒன்று வாங்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெல்லிங்டன் தீவுச் சாலையில் ஓட்டவேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை சோழவரத்தில் இறங்கவேண்டும்.

ஒரு வருஷம் தேடினார். கலூரில் ஒரு ஃபியட் கிடைத்தது. எஞ்சினில் சொல்ல ஒரு குறையும் இல்லை. "பெண்டாட்டி பிள்ளைகளோட சௌகரியமா போகலாம்" என்றார் விற்கிறவர். அதற்காகவே தாவூது வேண்டாம் என்று விட்டார். இரண்டு பேர் ஏறும் காரில் ஒரு இடம்தான் காலியாக இருக்கும் என்பது அவர் கணக்கு. எர்ணாகுளத்தில் பார்த்த சிவப்புக் கார் மினுமினு என்று இருந்தது. நம் ஆள் மேல்சாக்கை நம்புகிறவரா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் புகுந்தார். காரின் அடிச்சட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் வண்ணம் புதிதாக இருந்தது. சுரண்டினார். முறிந்து ஒட்டவைத்த இரும்பு. கையைத் துடைத்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டார்.

மூன்றாவதுதான் அந்தப் பச்சை எம்.ஜி. வெல்லிங்டன் தீவில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை பார்த்த லக்ஷ்மிநாராயணன் என்ற முப்பது வயதுக்காரருடையது. அவரே இரண்டு முறை சோழவரத்தில் ஓட்டியிருக்கிறார். இப்போது பம்பாய்க்கு மாற்றல். "விலை கெடக்கட்டும் பாய். ஆசையா வெச்சுக்கற ஆள் கையில போய்ச் சேரணும், அவ்வளவுதான்" என்றார்.

ஞாயிறு விடிகாலை தாவூது அதைத் தீவுச் சாலையில் ஓட்டிப் பார்த்தார். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் அசையாமல் நின்றது. மிதித்த காலை எடுத்தபோது பின்னால் நீலப் புகை வரவில்லை. இரண்டாவது கியர் மட்டும் எஞ்சின் சூடாகும்வரை கொஞ்சம் முனகியது. இந்தக் காரின் கூடு உள்ளே மரத்தால் ஆனது. கொச்சியின் உப்புக்காற்று முதலில் கை வைப்பது அங்கேதான். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். எல்லா இடமும் கணீர் என்றது. இடது கதவின் அடியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பொத்தென்று கேட்டது. ஆசாரிக்கு ஒரு நாள் வேலை. திரும்பும்போது பாலத்தருகில் நீளமான நேர்ச்சாலை. அங்கே அழுத்தினார். பெங்களூர்ப் பதினோரு மைல் முழுசாகத் திரும்பி வந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது, காற்றால் என்று வைத்துக்கொள்வோம்.

"எப்படி இருக்கு பாய்? உள்ளதைச் சொல்லுங்கோ."

இவ்வளவு ஆசையாகத் தாவூது எதையும் விரும்பியதில்லை. ஆசை எவ்வளவோ அவ்வளவுக்கு முகம் சுவராயிற்று.

"மரம் உளுத்திருக்கு சாமி. ரெண்டாவது கியர் கத்துது. பந்தயத்துல இறக்கினா கதவு எங்க போகும், ஆள் எங்க போவான்னு சொல்ல ஒக்காது."

லக்ஷ்மிநாராயணன் குனிந்து கதவடியைத் தடவிப் பார்த்தார். தாவூது, "அடுத்த ஞாயிறு வரேன்" என்று கிளம்பினார். சரக்கை ஒரு வாரம் ஆறப்போடுவதும் பஜார் வழக்கம்தான்.

அந்த ஒரு வாரமும் மனிதர் தரையில் நடக்கவில்லை. கிடங்கின் கீழே ஒரு மூலையை ஒழித்து, தானே பெருக்கிக் கழுவினார். கண்ணாடி துடைக்க மான்தோல் வாங்கினார். பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் ஃபாரம் கேட்டு மதராசுக்குக் கடிதம்கூடப் போட்டார்.

ஞாயிறு போனபோது பச்சைக் காரின் மூக்கு திறந்து கிடந்தது. உள்ளே எஞ்சின் இல்லை. கதவுகள் இரண்டும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

"நல்லவேளை, நீங்க வந்தேள் பாய்" என்று லக்ஷ்மிநாராயணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நேக்கு ரெண்டு நாளாத் தூக்கமே இல்லை. இதை யாராவது வாங்கிண்டு போய்ச் சோழவரத்துல பிராணனை விட்டா அந்தப் பாவம் யாருக்கு? எஞ்சினை வைப்பின் தீவுப் படகுக்காரன் ஔசேப்புக்குப் படகுல வைக்கக் கொடுத்துட்டேன். மத்ததைப் பழைய இரும்புக்காரன் எடுத்துண்டு போறான். நீங்க மட்டும் உள்ளதைச் சொல்லலேன்னா!"

தாவூது பிரிந்து கிடந்த கதவைப் பார்த்தார். ஆசாரிக்கு ஒரு நாள் வேலை. இந்த நல்ல மனுஷனிடம் என்னவென்று சொல்வது?

"கொழப்பமில்ல சாமி" என்றார்.

பாலம் வழியாக நடந்தே வந்தார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். நாற்பத்து நாலு வயதில், காருக்காக அழுதாரா ஜுமைலாவுக்காக அழுதாரா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டவர்களிடம் மிளகு நெடி என்றார்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் தாவூது கோட்டைக் கொச்சித் துறையில் ஔசேப்பின் படகில் ஏறி வைப்பினுக்குப் போவார். இறங்கமாட்டார். அதே படகில் திரும்புவார். மறுபடி போவார். மீன்கூடைகளும் பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் போகிற ஜனங்களுமாக, காயலில் நடைவேகத்தில் போய்க்கொண்டிருந்தது பந்தய எஞ்சின். அது எவ்வளவு வேகம் ஓடும் என்று அந்தப் படகில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதைச் சொல்லிச் சிரிக்க ஓர் ஆள் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் ஔசேப்பு அவர் அருகில் வந்து குனிந்தான். "இக்கா, ஒரு காரியம். அடுத்த மாசம் டீசல் எஞ்சின் வைக்கலாம்னு. இந்தப் பழசை ஆரு கேட்டாலும் கொடுத்துடுவேன். நிங்க சரக்கு நோக்கிச் சொல்ற ஆள் அல்லே? இது எப்படி?"

இரண்டு குறை சொன்னால் போதும், அடுத்த மாசம் அது அவர் கிடங்கு மூலையில் வந்து இறங்கிவிடும். பெருக்கிக் கழுவிய மூலை இன்னும் காலியாகத்தான் இருந்தது. முகம் தானாகச் சுவராகத் தொடங்கியது. அவர் எஞ்சினைப் பார்த்தார்.

"நல்லது" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "ரொம்ப நல்லது ஔசேப்பே. இதுபோல ஒண்ணு இனி கிடைக்காது."

ஔசேப்பின் முகம் மலர்ந்தது. "அப்படின்னா மாத்தறதில்ல. எனக்கும் அதுதான் மனசு" என்று எஞ்சின் மூடியைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

படகு வைப்பின் துறையில் ஒட்டியது. எல்லாரும் இறங்கினார்கள். தாவூது மட்டும் எஞ்சினுக்குப் பக்கத்துப் பலகையில், இன்னொருவர் உட்கார இடம் விட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.