எஸ்தர் டாக்டர் கண்ணாடி அணிந்திருந்தார்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை காஜாங்கில் எம்.ஆர்.டி. ரயிலுக்காக நின்றபோது, எங்கள் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. டாக்டர் எஸ்தர் அருள்மணி காலமானார். அதன் கீழே முன்னாள் துறைத்தலைவரின் இரங்கல்: “நம் குடும்பத்துக்குப் பேரிழப்பு.” குடும்பமாம்!

எஸ்தர் அவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்து, லேசர் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நான் அவரது ஆய்வகத் தொழில்நுட்பர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைச் சிறு அட்டையால் தேடிப் பிடித்து, அரை நாள் ஆடிகளைத் திருகிக்கொண்டிருப்பார். அவசரப்படுத்தினால், “லைட்டைவிட வேகமா போய் என்ன செய்யப் போறீங்க? உக்காருங்கலா” என்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. ஒவ்வொரு லேசருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேறு. எந்தக் கதிரைத் தடுக்கும் என்ற எண் அதன் விளிம்பில் இருக்கும். அணிபவர் அல்லாத இன்னொருவர் அதைப் படித்துப் பார்த்து, பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்திட வேண்டும். “நாம செய்ற தப்பு நமக்குத் தெரியாது, அடுத்தவங்கதான் பாக்கணும்” என்பார்.

துறைத்தலைவரின் அலுவலகம் ஒருமுறை, மலிவாகக் கிடைத்தது என்று வேறு வகைக் கண்ணாடிகளை வாங்கி அனுப்பியது. வீட்டுக்குப் போகும் அவசரத்தில், எண்ணைப் படிக்காமலே எல்லாவற்றிலும் நான் ஸ்டிக்கர் ஒட்டினேன்.

மறுவாரம் தெறித்த கதிர் அவரது வலக்கண்ணைப் பறித்தது. “கண்ணுக்குள்ள டப்புனு சத்தம் கேட்டுச்சு, மணியம்,” என்றார் மருத்துவமனையில். “ஸ்டிக்கர் உங்களோடது. நான் பேர் சொல்ல மாட்டேன். நீங்களே போய்ச் சொல்லுங்க.”

ஆதாரமான அந்தக் கண்ணாடிகளைப் பெட்டியோடு மறுநாளே அலுவலகம் எடுத்துக்கொண்டது. துறைத்தலைவர் என்னைத் தனியே அழைத்தார். “கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும்ல? சும்மா இருங்கலா.” நான் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடி தவறானது என்று எஸ்தர் அவர்கள் விசாரணையில் சொன்னார். சோதித்தது யார் என்று கேட்டபோது மௌனமாக இருந்தார். ‘கண்ணாடி அணியாத கவனக்குறைவு’ என்று எழுதி முடித்தார்கள். அவரிடமிருந்து ஆய்வகத்தைப் பிடுங்கினார்கள். பேராசிரியர் பதவியும் தரவில்லை. ஓய்வு பெறும்வரை முதலாண்டு மாணவர்களின் விடைத்தாள்களை ஒற்றைக் கண்ணால் திருத்தினார். எனக்கோ வேலை நிலைத்தது. அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் அவர்கள்மேல் வருகிற கோபத்தைவிட என்மேல்தான் அதிகம் வருகிறது.

அடக்க ஆராதனை முடிந்து தேவாலய வாசலில் நின்றபோது, அதே துறைத்தலைவர் சோகமாகத் தலையசைத்தார். “பாவம், அன்னைக்குக் கண்ணாடி மட்டும் போட்டிருந்தா...”

“போட்டிருந்தாங்க!” என்று கத்தினேன். “நீங்க வாங்குன தப்பான கண்ணாடியைத்தான் போட்டிருந்தாங்க. படிக்காம ஸ்டிக்கர் ஒட்டினவன் நான்!”

அவர் காரை நோக்கி நடந்தார். எஸ்தர் அவர்களின் தங்கை என் அருகே வந்தார். “நீங்களா? யாருன்னு நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். அக்கா கடைசிவரைக்கும் சொல்லவே இல்ல.”

இதையே எழுதிக் கையெழுத்திட்டு இன்று பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டேன். போய் வாருங்கள், டாக்டர். நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன், கேட்க நீங்கள்தான் இல்லை.