தலையை மோந்து பார்க்கும் சுபாஷினி

சுபாஷினி முதலில் தலையை மோந்துதான் பார்ப்பார். நாடி, இரத்த அழுத்தம் எல்லாம் அப்புறம். ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் இருக்கும் மறுவாழ்வு நிலையத்துக்குள் சக்கர நாற்காலி நுழைந்ததும், குனிந்து உச்சந்தலைக்கு மேல் மூக்கை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "தேங்காண்ணெ. நேத்து வச்சது" என்பார். இல்லாவிட்டால், "வேப்பெண்ணெயா? யாரு ஐடியா இது?"

எண்ணெய்தான் அவருடைய பரம எதிரி. மூளைக்குள் எழும் மின்சாரம் மிகச் சிறியது. மண்டையோட்டையும் தோலையும் தாண்டி வெளியே வருவதற்குள் அது கிசுகிசுப்பாகத் தேய்ந்துவிடும். துணித் தொப்பியில் பதித்த உலோக வில்லைகள் அந்தக் கிசுகிசுப்பைக் கேட்டுக் கணினிக்குச் சொல்ல வேண்டும். நடுவே எண்ணெய் படிந்திருந்தால் கதை முடிந்தது. தைப்பூசத்துக்கு மொட்டை போட்டவர்கள் வந்தால் மட்டும் அவர் முகம் மலரும். "முருகனுக்கு முடி குடுத்தீங்க, பலன் எனக்குலா."

குட்டை முடி, கழுத்தில் எந்நேரமும் ஒரு துவாலை, சட்டையில் காய்ந்துபோன ஜெல். வில்லைக்கும் தோலுக்கும் இடையில் தடவுகிற ஜெல் அது. முன்பு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் இருந்தவர். வேலை பார்த்துக்கொண்டே படித்து இங்கே வந்தார். "அப்போ சிப் நல்லா இருக்கான்னு பாத்தேன். இப்போ சிக்னல் நல்லா இருக்கான்னு பாக்குறேன். சிப் எண்ணெ தேச்சிக்கிட்டு வராது, அவ்வளவுதான் வித்தியாசம்."

உலகத்துக்கே சில்லு செய்து அனுப்பும் தீவு இது. அந்தச் சில்லுகளைச் செய்த கைகளில் ஒன்று பக்கவாதத்தில் விழுந்துவிட்டால், அவை பொருத்திய கருவி அந்தக் கைக்கு எட்டுவதில்லை. அறிவியல் எல்லாருக்கும் பொது என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒருமுறை இந்த நிலையத்தின் காத்திருப்பு வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். இங்கே இருப்பவை இரண்டே கருவிகள். ஒன்று கையுறை. முடங்கிப்போன கையை மூடவேண்டும் என்று நோயாளி முயன்றதும் தொப்பி அதைப் பிடித்துக்கொள்ளும், கையுறை விரல்களை மடக்கும். மூளையும் கையும் மறுபடி பழகிக்கொள்ள அது ஒரு வழி. மற்றது எழுத்துப் பலகை. வேறு நாடுகளில் மண்டையோட்டைத் திறந்து உள்ளேயே மின்முனை வைக்கிறார்கள், அதன் வழியே இயந்திரக் கையை அசைக்கிறார்கள் என்பதெல்லாம் சுபாஷினிக்குத் தெரியும். தன்னிடம் இருக்கும் தொப்பியைத்தான் அவர் துவைத்துக் காயப்போடுகிறார்.

பக்கத்து நாசி கண்டார் சோற்றுக்கடை சிக்கந்தர் ஒருநாள் சோறு கொண்டுவந்தவர் தொப்பியைத் தொட்டுப் பார்த்தார். "ஏக்கா, இத மாட்டுனா மனசுல இருக்கிறதெல்லாம் தெரிஞ்சிடுமா?"

"ஒங்க மனசுல என்ன இருக்குன்னு ஒங்க வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும். இதுக்குத் தெரியாதுலா."

பிறகு விளக்கினார். எழுத்துப் பலகையின் திரையில் எழுத்துகள் மாறி மாறி மின்னும். தனக்கு வேண்டிய எழுத்து மின்னும்போது மூளை சின்னதாக ஒரு துள்ளல் துள்ளும். "கிளினிக்ல நம்பர் கூப்புடுறான். யாரோ நம்பருக்கு நீங்க அசைவீங்களா? ஒங்க நம்பர் வந்தா மட்டும் நிமிந்து ஒக்காருவீங்கல்ல, அதுமாதிரி. அந்த நிமிர்றத மட்டும்தான் மெஷின் பாக்குது."

அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. அனுமதி கேட்காமல் யார் தலையையும் தொடமாட்டார். "தொடட்டுமா அண்ணே?" என்று கேட்டுவிட்டு இமை அசையும்வரை காத்திருப்பார். அசையாத மனிதனை மரச்சாமானாக நினைத்து, அவன் எதிரிலேயே "இதுக்கு ஒண்ணும் புரியாது" என்று பேசும் உறவினர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்.

அந்த வழக்கத்தை அவர் தவறவிட்டது சுகுமாரனின் சோதனை நாளில். பாலிக் புலாவ் தடத்தில் பேருந்து ஓட்டியவர் சுகுமாரன். மூளைத்தண்டில் அடைப்பு வந்து, அறிவு முழுசாக இருக்க, உடம்பும் பேச்சும் போய்விட்டன. கண்ணும் இமையும் மட்டும் அசையும். வீட்டுக்கே எடுத்துப்போக ஒரு எழுத்துப் பலகையை இரவல் தரலாமா என்று முடிவுசெய்யப் பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் ஹனீபா வந்திருந்தார். திரையில் கொடுக்கிற சொல்லைப் பிழையில்லாமல் எழுதிக்காட்ட வேண்டும். தவறினால் கருவி வேறொருவருக்குப் போய்விடும்.

சுபாஷினி மோந்து பார்த்தார். தலை முழுக்க நல்லெண்ணெய்.

"நல்லம்மாக்கா, என்ன இது? படிச்சிப் படிச்சிச் சொன்னேனே."

சுகுமாரனின் மனைவி நல்லம்மாள் சேலைத்தலைப்பைத் திருகினார். "நல்ல காரியமாச்சேம்மா. வறண்ட தலையோட எப்படிக் கூட்டியாறது?"

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுபாஷினி வாளியை எடுத்து ஓடினார். குழாய்த் தண்ணீர், ஷாம்பு, இரண்டு தடவை அலசல், துவாலை. கேட்கவில்லை, இமைக்காகக் காத்திருக்கவும் இல்லை. தொப்பியை மாட்டி, ஜெல்லை நிரப்பி, திரையை ஓடவிட்டார்.

கொடுத்த சொல் 'செலாமட்', ஆங்கில எழுத்தில் எழுதும் மலாய் வாழ்த்துச் சொல். எஸ் வந்தது. இ வந்தது. நல்லம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். மூன்றாவதாக எல் வரவேண்டிய இடத்தில் ஜே வந்தது. எண்ணெய் இன்னும் போகவில்லை என்று சுபாஷினி நினைத்தார். அடுத்தது யு.

"நிறுத்திக்கலாம். சிக்னல் இல்ல" என்றார் டாக்டர்.

"ஒரு எழுத்து டாக்டர். ஒண்ணே ஒண்ணு."

கே வந்தது. நல்லம்மாள் திரையை எழுத்துக் கூட்டிப் படித்தார். "செ... ஜூக். அய்யோ, குளிருதுங்கிறாரு. பச்சத்தண்ணி ஆவாதுங்க இவருக்கு."

சுகுமாரனின் காதோரம் இன்னும் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஆனா டெஸ்ட் வார்த்தை இது இல்லியே" என்றார் டாக்டர், தயங்கி.

"நீங்க குடுத்த வார்த்தைய எழுதியிருந்தா பாஸு. அவரு வார்த்தைய அவரே எழுதுனா ஃபெயிலா? பேசுறதுக்குத்தானே டாக்டர் இந்த மெஷினு? எனக்கே ஏச்சு உழுந்திருக்கு. ஏசத் தெரிஞ்ச மனுசனுக்கு செலாமட்டு சொல்லத் தெரியாதா?"

டாக்டர் ஹனீபா நல்ல மனிதர். எழுந்துபோய் வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். மலையடிவாரத்துத் தண்ணீர். விரலை உதறிக்கொண்டே, "மெஷின இன்னிக்கே ஒங்க வண்டில ஏத்திவிட்டுர்றேன்" என்றார்.

நல்லம்மாள் அழுதார். சுபாஷினிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. தொப்பியைக் கழற்றினால் தலையெல்லாம் ஜெல் பிசுபிசுக்கும், மறுபடி கழுவ வேண்டும். கெண்டியில் வெந்நீர் வைத்தார். வாளியில் விளாவி, மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் விளாவினார். பிறகு நனைந்த தன் உள்ளங்கையைச் சுகுமாரனின் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

"சூடு போதுமா பாக்குறீங்களா அண்ணே? தொடட்டுமா?"

கையை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு, இமை இறங்குவதற்காகக் காத்து நின்றார்.