ஏழாம் மாதப் பட்டியல்

நெருப்பெரிச்சல் ஊரில் நானும் என் மனைவியும் ஒரே பனியன் கம்பெனி. அவள் செக்கிங்கில், நான் கம்ப்யூட்டரில். ஏழு மாதமான பெண்களுக்கெல்லாம் சேர்த்து அங்கே கேண்டீனில் வளைகாப்பு நடத்துவார்கள். அதற்காக யாருக்கு எத்தனை மாதம் என்று பட்டியல் போடும் புரோகிராம் நான் எழுதியதுதான்.

பெரிய சூரன் என்று எனக்கு நினைப்பு. ஒவ்வொரு தடவையும் ஆட்கள் பதிவேடு முழுவதையும் புரட்டினால் கம்ப்யூட்டர் திணறும் என்று, மாறியதை மட்டும் பட்டியலில் ஏற்றும்படி எழுதினேன். பதிவேட்டில் ஒருத்தி கர்ப்பம் என்று பதிந்தால் பட்டியலில் சேர். மாதம் பிறந்தால் ஒன்று கூட்டு. பத்து முடிந்தால் எடு. நடுவில் ஒருத்திக்குக் கர்ப்பம் இல்லாமல் போகலாம், அப்போதும் எடுக்க வேண்டும் என்பது என் மரமண்டையில் ஏறவே இல்லை.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை எங்களுக்கு நான்காம் மாதத்தில் கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏனுங்க, கம்பெனில எம்பட பேர நீங்களே எடுத்துப்போடுங்க. ஆரும் வந்து என்னைய ஒண்ணும் கேக்கக் கூடாது."

மறுநாளே பதிவேட்டில் அவள் கர்ப்பம் என்று இருந்ததை எடுத்தேன். பட்டியல் தானாக மாறிக்கொள்ளும் என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. வளைகாப்பு வந்தால்தான் அதை யாரும் எடுப்பார்கள்.

மூன்று மாதம் கழித்து வளைகாப்பு வந்தது. ஆபீஸ் மேடம் மைக்கில் பெயர்களை வாசித்தார். நான் கேண்டீன் வாசலில் நின்றிருந்தேன். ஐந்தாவதாக அவள் பெயர். கூட வேலை செய்யும் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேடம் வேலைக்குப் புதிது, விவரம் தெரியாமல் இன்னொரு தடவை கூப்பிட்டார். ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். பாவி, வாசலிலேயே நின்றேன்.

அவளே எழுந்து மேடத்திடம் போனாள். "எனக்கு இல்லீங்க மேடம். தப்பா வந்திருச்சுங்க," என்றாள். திரும்பி வந்து அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து, வளையல் போட்டு முடியும்வரை இருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் லேப்டாப்பைத் திறந்து பட்டியலை எடுத்தேன். அவள் பெயருக்கு நேராக ஏழு என்று இருந்தது. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், நான் அழிக்கப் போகும்போது என் கையைப் பிடித்தாள்.

"இதையும் எடுத்துப்போட்டா நம்ம புள்ள வேறெங்கயுமே இல்லீங்களா?"