அட்டை அக்கா

கனரக இயந்திரங்களைப் பழுது பார்க்கும் அந்தப் பட்டறையில், கருவி அறையைக் கவனிக்கும் பெண்மணிக்கு 'அட்டை அக்கா' என்று பெயர். ஸ்பேனர் கேட்டாலும் சுத்தியல் கேட்டாலும் கூடவே ஓர் அட்டைத் துண்டை நீட்டுவார். எண்ணெய்க் குழாயில் கசிவைத் தேடும்போது கைக்குப் பதில் அட்டையைத்தான் காட்ட வேண்டும். முதலாளி சொல்லைத் தட்டினாலும் தட்டலாம், அக்கா சொல்லைத் தட்டினால் ஸ்பேனர் கிடைக்காது.

முன்பெல்லாம் அவரை யாரும் சட்டை செய்ததில்லை. வேலையில்லாத நேரத்தில் இயந்திரங்களோடு வந்த கையேடுகளை ஒரு வரி விடாமல் படிப்பார். "பரீட்சையா எழுதப்போறே?" என்று கிண்டலடித்தவர்களில் முதல் ஆள், அங்கே மெக்கானிக்காக இருந்த அவருடைய சொந்தத் தம்பி.

ஒரு நாள் காலை, மண் அள்ளும் இயந்திரத்தின் குழாயில் கசிவு எங்கே என்று தம்பி வெறுங்கையால் தடவிப் பார்த்தான். சுருக்கென்றது. ஆள்காட்டி விரலில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, ரத்தம்கூட இல்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் துடைக்கத் துணி கேட்டு வந்தான். அக்கா அந்த விரலைப் பிடித்து உற்றுப் பார்த்தார். அழுத்தத்தில் எண்ணெய் தோலுக்குள் பாய்ந்துவிடும், சில மணி நேரத்தில் கையே போகலாம் என்று படித்திருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

"இதுக்கா? கொசு கடிச்சாலும் கூட்டிட்டுப் போவியா?"

சூப்பர்வைசர் குறுக்கே வந்தார். "மதியத்துக்குள்ள மெஷின் போயாகணும்மா. முடிச்சிட்டுப் போகட்டும்."

அக்கா தம்பி கையிலிருந்த இயந்திரத்தின் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "இப்ப எப்படி முடிக்கிறீங்கன்னு பார்க்கறேன்."

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் பிளாஸ்திரி போட்டு அனுப்பப் பார்த்தார். அக்கா கையோடு கொண்டுவந்த கையேட்டை மேஜைமேல் விரித்தார். "நீங்க நெறைய படிச்சவங்க. இதையும் ஒரு தடவை படிச்சிடுங்க சார்." படித்தவர் விழுந்தடித்துக்கொண்டு அறுவை சிகிச்சை நிபுணரிடம் ஓடினார்.

விரலிலிருந்து உள்ளங்கை வரை திறந்து எண்ணெயை வெளியேற்றினார்கள். வெளியே வந்த பெரிய டாக்டர், "இன்னும் தாமதிச்சிருந்தா கையை எடுத்திருக்கணும். சரியான நேரத்துல கூட்டிட்டு வந்தது யாரு?" என்றார்.

"நான்தான் சார்." சொல்லும்போதே அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அழுகையும் கூடவே வந்துவிட்டது.

மாதங்கள் கழித்துத் தம்பி வேலைக்குத் திரும்பினான். பட்டறையே வேடிக்கை பார்க்க, கருவி அறைக்கு முன் வந்து நின்றான். ஒரு கிண்டலும் இல்லை.

"அக்கா, அட்டை குடு."

தழும்போடிருந்த அந்த வலது கையைத்தான் நீட்டினான். அக்கா அட்டையை வைத்தார். ஆள்காட்டி விரல் மட்டும் மடங்கவில்லை. மற்ற நான்கும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.