வாலாஜாபாத் ரோட்டுல அவ பஸ்ஸும் என் பஸ்ஸும்

ஒரகடத்துலேர்ந்து வாலாஜாபாத் போற ரோடு இப்போ ஜம்முனு கீது. நடுவுல மீடியன், ரெண்டு பக்கமும் அகலம். புதுசா சேர்ந்த டிரைவருங்க ஒத்தைக் கையில ஸ்டியரிங்கைப் புடிச்சிகினு, "இதுலயா அண்ணே அவ்ளோ கஷ்டப்பட்டீங்க?"ன்னு கேக்கறானுங்க. எனக்குப் பத்திகினு வரும். பழைய ரோடு எப்படி இருந்துச்சுன்னு சொன்னா கதை வுடறேன்னு சிரிப்பானுங்க. ஒரு லாரி போவும், ஒரு லாரி வரும், நடுவுல சைக்கிள் நுழைஞ்சா சைக்கிள்காரன் சட்டை கிழியும். அவ்ளோதான் ரோடு. கம்பெனி பஸ்ஸு, கார் ஏத்தினு போற ட்ரெய்லர், கன்டெய்னர், செங்கல் லாரி, ஷேர் ஆட்டோ எல்லாம் அதுலதான் போயாவணும்.

நான் கம்பெனி பஸ் ஓட்டறவன். ஷிப்டுக்கு ஆளுங்களை வாலாஜாபாத்துல ஏத்தி ஒரகடத்துல வுடணும், முடிஞ்சவங்களைத் திருப்பிக் கொண்டாரணும். சொல்றதுக்கு சுலபம். ஜாம்னு ஒண்ணு ஆயிடுச்சுன்னா நம்மாளுங்க ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் நிக்க மாட்டானுங்க. முன்னாடி வண்டி நின்னா, எதிர்ல வர்றவன் வழியில ஏறிப் போய் மூஞ்சிக்கு மூஞ்சி நிப்பானுங்க. அந்தப் பக்கத்துக்காரனும் அதையேதான் செய்வான். அப்புறம் ஆண்டவனே இறங்கி வந்தாலும் கலைக்க முடியாது. ஒவ்வொருத்தனும் இறங்கி நின்னு அடுத்தவனைத் திட்டுவான், தன் வண்டியை மட்டும் ஒரு அடி பின்னாடி எடுக்க மாட்டான்.

எங்க வண்டியில ஒரு ரூல் வேற. நடுவழியில கதவைத் திறந்து யாரையும் இறக்கக்கூடாது. தெக்கத்திப் பசங்க, எங்க ஊர்ப் பொண்ணுங்க, எட்டு மணி நேரம் லைன்ல நின்ன காலோட என் முதுகையே பாத்துகினு உக்காந்திருப்பாங்க. நான் மட்டும் இன்னா, இறங்கவா முடியும்? இஞ்சின் சூடு தொடையை வேவ வைக்கும். க்ளட்ச்சை அமுக்கி அமுக்கி இடது கால் மரத்துப் போவும். ஜெயில்லயாவது எழுந்து நடக்கலாம்டா சாமின்னு தோணும்.

இதெல்லாம் தாங்கிக்கலாம். வூட்டுக்குப் போனா என் பொண்டாட்டி நம்ப மாட்டா. அதான் எனக்கு பெரிய கொடுமை.

அவ மேல தப்பு சொல்லவும் முடியாது. அவ அண்ணன் ஒரு குடிகாரன். ராத்திரி லேட்டா வந்து 'வழியில ஜாம்'னு சொல்லிச் சொல்லியே குடும்பத்தைக் கவுத்தவன். அதனால 'மாட்டிக்கினேன்'ன்ற வார்த்தையைக் கேட்டாலே அவளுக்கு ஆவாது. நான் செருப்பைக் கழட்டறதுக்குள்ள கிட்ட வந்து, "ஊது"ன்னுவா. இத்தினி வருசத்துல போலீஸ்காரன் கூட என்னை ஊதச் சொன்னதில்ல. ஊதுவேன். வாசனை இல்லைன்னா, "எங்கயோ உக்காந்து சீட்டாடிட்டு வர"ன்னுவா. அவ எங்கயும் போறவ இல்ல. அந்த ரோட்டை ஷிப்டு விடற நேரத்துல அவ ஒரு தடவை கூட பாத்ததில்ல.

எங்க பாப்பாவுக்குக் காது குத்து வெச்சோம். ஞாயித்துக்கிழமை, காலையில. OT ஷிப்டு ஆளுங்களை வுட்டுட்டு ஓடியாந்துடறேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போனேன். திரும்பி வர்றப்ப கூட்ரோடு தாண்டினதும் மாட்டினேன். நான் போய்ச் சேந்தப்ப பந்தியே முடிஞ்சு இலை எடுத்துகினு இருந்தாங்க. தாய்மாமன் மடியில உக்கார வெச்சு குத்தியாச்சு. அந்தக் குடிகாரனே நேரத்துக்கு வந்துட்டான், அப்பன்காரன் வரல. சொந்தக்காரங்க முன்னாடி அவ ஒரு வார்த்தை பேசல. மறுநாளும் பேசல. அதுக்கு அடுத்த நாள் காலையில, நான் வேலைக்குக் கிளம்பறப்ப, "நான் படப்பைக்கு எங்கம்மா வூட்டுக்குப் போறேன். உன்னோட பொய்யைக் கேட்டுகினு என்னால குப்பை கொட்ட முடியாது"ன்னா. எப்ப வருவேன்னு கேட்டேன். பாப்பா துணியை மடிச்சிகினே இருந்தா.

அன்னைக்கு மத்தியானம் முதல் ஷிப்டு ஆளுங்களை ஏத்தினு வாலாஜாபாத் பக்கம் வரேன். ட்ரெய்லர் ஒண்ணு ஒரு கம்பெனி கேட்டுக்குள்ள திரும்பப் போய், வால் திரும்பாம ரோட்டுக்குக் குறுக்க மாட்டிகிச்சு. போச்சுடா! வழக்கம் போல ரெண்டு பக்கமும் ஏறி வந்து அடைச்சிட்டானுங்க. நல்ல வெய்யில். இஞ்சின் கொதிக்குது. என் மனசு அதுக்கு மேல கொதிக்குது. அவ இன்னேரம் கிளம்பியிருப்பாளா, இல்ல கோவம் ஆறி சோறு வடிச்சிகினு இருப்பாளான்னு அதே நெனப்பு.

எதிர்ல தாம்பரம் போற பஸ்ஸு ஒண்ணு இஞ்சு இஞ்சா நகந்து வந்து சரியா என் ஜன்னலுக்கு நேரா நின்னுச்சு. திரும்பிப் பாக்கறேன். கைக்கு எட்டற தூரத்துல அவ. பொம்பளைங்க சீட்டு இடது பக்கம். இவ வலது பக்கம், எதிர்ல வர்ற வண்டிங்க தெரியற ஜன்னலோரம் உக்காந்திருக்கா. மடியில பாப்பா தூங்குது. காதுல குட்டித் தோடு, சுத்தி மஞ்சள் தடவியிருக்கு.

நெசமாவே கிளம்பிட்டா. இறங்கி ஓடிப் போய்க் கையைப் புடிக்கலாம்னா சீட்டை வுட்டு எழுந்துக்க முடியாது. எந்த நிமிசம் முன்னாடி வண்டி நகரும்னு தெரியாது. எனக்குப் பின்னாடி ஒரு பஸ்ஸு ஆளுங்க, அவளுக்குப் பின்னாடி ஒரு பஸ்ஸு ஆளுங்க. 'போவாதடி'ன்னு எப்படிக் கத்தறது?

"பாப்பா சாப்ட்டுச்சா?"ன்னேன்.

"ம்." கொஞ்ச நேரம் என் வண்டியையும் அதுக்குப் பின்னாடி நிக்கற வரிசையையும் பாத்தா. "எவ்ளோ நேரமா நிக்கற?"

"நீ வர்றதுக்கு ரொம்ப முன்னாடிலேர்ந்து."

"தெனமும் இப்படித்தானா?"

"தெனமும்தான்."

அவ கண்ணு கலங்கிடுச்சு. அப்பாடா, நம்பிட்டான்னு எனக்குள்ள குதிக்குது. அவ சொன்னா: "நெசமா இருந்தா இது இன்னும் மோசம்யா. நீ குடிக்கறேன்னா சண்டை போட்டு நிறுத்துவேன். இந்த ரோட்டோட நான் எப்படி சண்டை போடறது?"

எப்பவும் ஜாம் எப்படா கலையும்னு நெனைக்கறவன், அன்னைக்கு கலையவே கூடாதுன்னு வேண்டினேன். வேண்டினதுமே ட்ரெய்லர்காரன் வண்டியை நிமித்திட்டான். பின்னாடி இருந்தவனுங்க ஹாரனாலேயே என்னைத் தள்ளினானுங்க. அவ பஸ்ஸு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கண்ணாடியில பாத்தேன், புழுதிதான் தெரிஞ்சுது.

வாலாஜாபாத்துல ஆளுங்களை இறக்கறப்ப வண்டி ஆவி கக்கிடுச்சு. சாயங்கால ட்ரிப்புக்கு வேற வண்டி அனுப்பறேன், நீ வூட்டுக்குப் போன்னுட்டாரு இன்சார்ஜ். காது குத்து அன்னைக்கு வுட்டா, வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து வெளிச்சத்துல வூட்டுக்குப் போனது அன்னைக்குத்தான். கதவுல பூட்டு தொங்குது. எதிர் வூட்டு அக்காவும் வேலைக்குப் போயிருந்தாங்க.

போன் பண்ணேன். எடுத்தா.

"எங்க கீற?"

"வூட்லதான்."

"பொய் சொல்லாத. அந்த ரோட்டை நானே கண்ணால பாத்தேன். இந்நேரத்துக்கு நீ வூடு போயிருக்க முடியாது."

"ஐயோ, நெசமாத்தான்டி!"

"சாவியை எதிர் வூட்டு அக்காகிட்ட குடுத்துட்டு வந்திருக்கேன். அவங்க ராத்திரிதான் வருவாங்க. நீ வூட்ல கீறேன்றியே, எப்படி உள்ள போன?"

"உள்ள போவல. வாசல்ல நிக்கறேன்."

"நாளைக்கு வந்து தெருவுல நாலு பேரைக் கேப்பேன். பொய்யா மட்டும் இருந்துச்சு..."

"நாளைக்கு வர்றியா?"

"மொதல்ல நீ எங்க கீறேன்னு நெசத்தைச் சொல்லு"ன்னா. போனை வெச்சிடப் போறாளேன்னு பயந்து, பூட்டின கதவு முன்னாடி நின்னுகினு, நான் வூட்லதான் கீறேன்னு திருப்பித் திருப்பி சத்தியம் பண்ணினு இருந்தேன்.