கரையில் பைகளோடு

கடலூரில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், எங்கே கூட்டிப்போவது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. முதல் நாள் சாயங்காலம் சில்வர் பீச். மறுநாள் காலையில் சிதம்பரம் கோயில், மதியத்துக்கு மேல் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகு சவாரி, இருட்டுவதற்குள் மஞ்சக்குப்பம் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். இந்தத் திட்டத்தைப் போட்டவர் என் கணவர். நடத்துகிறவள் நான். புளிசோறு கிளறுவது, உருளைக்கிழங்கு வறுப்பது, பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி, வெந்நீர் பிளாஸ்க், வாந்தி வந்தால் பிடிக்கப் பிளாஸ்டிக் கவர் வரைக்கும் என் பொறுப்பு. வேனில் ஏறி உட்கார்ந்ததும், "எல்லாம் எடுத்தாச்சா?" என்று கேட்பது அவர் பொறுப்பு.

நான் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கீரப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். அதனால் சிதம்பரம் தாண்டியதும் புகுந்த வீட்டாருக்கு நான்தான் வழிகாட்டி. எந்தக் கடையில் காப்பி நன்றாக இருக்கும், கிள்ளை ரோட்டில் எங்கே பள்ளம் என்று எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்பார்கள். சளைக்காமல் சொல்வேன். ஒன்றை மட்டும் சொன்னதில்லை. நான் பிச்சாவரத்தில் படகு ஏறியதே கிடையாது.

கேட்டால் நம்பமாட்டார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் அது அதிசயமே இல்லை. பள்ளிக்கூடத்தில் டூர் என்றால் மகாபலிபுரம் போனோம், ஒரு தடவை ஊட்டிகூடப் போனோம். பிச்சாவரம் போகவில்லை. "இங்கதான இருக்கு, எப்ப வேணாலும் பாத்துக்கலாம்" என்பார்கள். அப்பா எத்தனையோ முறை உறவுக்காரர்களை அங்கே அழைத்துப் போயிருக்கிறார். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குத்தான் வண்டியில் இடம். எங்கிருந்தோ வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போவார்கள், நாங்கள் அவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருப்போம்.

கல்யாணத்துக்குப் பிறகு நிறையத் தடவை போனேன், படகுத்துறை வரைக்கும். ஒரு படகுக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. எங்கள் கூட்டத்தில் எப்போதும் ஒரு ஆள் ஜாஸ்தியாக இருக்கும். சோற்றுப் பைகளை வேனில் வைத்தால் வெயிலுக்கு ஊசிப்போகும், வெளியே வைத்தால் நாய் இழுக்கும். யாராவது நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த யாராவது நான்தான்.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்றால், முதல் தடவை நான் புது மருமகள். அடுத்த தடவை மடியில் கைக்குழந்தை. அதற்கப்புறம் நான் எல்லாம் பார்த்து அலுத்தவள் என்று அவர்களே முடிவுகட்டிவிட்டார்கள். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. கேட்டு வாங்கிக்கொள்ள அது என்ன, பந்தியில் விட்டுப்போன அப்பளமா? ஆனால் ஆசை போகவில்லை. ஒவ்வொரு படகும் அந்தப் பச்சைக்குள் நுழைந்து மறையும்வரை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். திரும்பி வந்தவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பேன். கேட்டுக் கேட்டு, கடைசியில் போனவர்களைவிட நன்றாகவே சொல்லப் பழகிவிட்டேன்.

போன பொங்கல் லீவுக்கு நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தாள். என் கணவருக்கு ஒரே தங்கை, நல்ல மனசுக்காரி, என்மேல் உயிரையே வைத்திருப்பவள். அவளுடைய சின்னப் பெண் வேனில் என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டு நச்சரித்தாள்.

"அத்த, உள்ள எப்பிடி இருக்கும்?"

"ரெண்டு பக்கமும் மரத்து வேரு தண்ணிக்குள்ள எறங்கி நிக்கும். மேல கெளைங்க கூரை மாதிரி மூடிக்கும். ஒரே இருட்டு."

"பாம்பு இருக்குமா?"

"இருக்கும். கெளைமேல படுத்திருக்கும். நாம பாட்டுக்குப் போனா அது பாட்டுக்கு இருக்கும்."

அங்கேதான் வம்பை விலைக்கு வாங்கினேன். படகுத்துறையில் எல்லாரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டார்கள். வழக்கம்போல ஒரு ஆள் ஜாஸ்தி. நாத்தனார் பைகளை என் காலடியில் கொண்டுவந்து வைத்தாள். "அண்ணி பாத்துப்பாங்க. அவுங்க பாக்காத பிச்சாவரமா?" என்றாள். சின்னவள் மட்டும் படகில் கால் வைக்க மறுத்துவிட்டாள்.

"அத்த வந்தாத்தான் ஏறுவேன். பாம்பு எங்க இருக்கும்னு அவுங்களுக்குத்தான் தெரியும்."

கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். அவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. யார்மேல் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுடி. நான் இதுல ஏறுனதே இல்ல" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. படகிலிருந்து என் கணவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொல்ற? கல்யாணம் ஆன புதுசுல வந்தமே?"

"வந்தோம். உங்க பெரியப்பா வீட்டோட. நான் இதே மரத்தடியில பையோட ஒக்காந்திருந்தேன்."

அவர் மனசுக்குள் ஒவ்வொரு தடவையாகப் புரட்டிப் பார்க்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. நாத்தனார் வீட்டுக்காரர், "மச்சான், நான் எறங்கிக்கிறேன்" என்று எழுந்தார். இவர் அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே இறங்கினார். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். முதுகுப் பக்கம் அவருடைய வேர்வை ஈரம். மாட்டிக்கொண்டேன்.

உள்ளே நான் சொன்ன மாதிரி இல்லை. இருட்டே இல்லை. இலைக்கு நடுவில் வெயில் சில்லறை சில்லறையாகத் தண்ணீரில் விழுந்து, அங்கிருந்து எகிறி வேர்களின்மேல் அசைந்தது. சேறும் உப்பும் கலந்த ஒரு வாசனை. அதை ஒருவர்கூட எனக்குச் சொன்னதில்லை. துடுப்புச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. சின்னவள் பாம்பை மறந்துவிட்டு வேர்களைத் தொடக் கை நீட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையா இத்தனை வருஷம் விட்டுவைத்தேன் என்று ஆத்திரமாகவும் இருந்தது.

படகு திரும்பி அகலமான தண்ணீருக்கு வந்தது. கரை தெரிந்தது. ஏதோ புள்ளி மாதிரி தெரியும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை, தெளிவாகத் தெரிந்தது. மரம், அதன் கீழே வரிசையாகப் பைகள், பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவர். ஒரு நாய் கிட்டே வந்தது. கையை ஓங்கி விரட்டிவிட்டு மறுபடி எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாம் தெரிந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் ஒண்டியா ஒக்காந்திருக்கு பாருங்கண்ணி. பாவம்" என்றாள்.

"ஆமா" என்றேன். "இங்கேருந்து நல்லாவே தெரியுது."

அவள் என்னைப் பார்த்தாள். படகு கரையைத் தொட்டதும் முதல் ஆளாக இறங்கிப் போய்ப் பைகளைத் தூக்கிக்கொண்டாள்.